பதினேழாம் நம்பர் மக்

அல்சூரில் மூன்றாவது கிராஸ் தெரு முடிகிற இடத்தில், முன்பு பழைய டயருக்கு ரப்பர் ஒட்டிக்கொண்டிருந்த ஷெட்டில், பெர்னதெத் என்கிற பெண்மணி பீர் காய்ச்ச ஆரம்பித்துப் பதினொரு வருஷம் ஆகிறது. வாசலில் ஆங்கிலத்தில் என்னமோ நாகரிகமான பெயர் எழுதிப் போட்டிருந்தாலும், உள்ளே கண்ணாடிச் சுவருக்குப் பின்னால் ஆளைவிட உயரமாக நாலு எவர்சில்வர் தொட்டிகள் நிற்பதால் தெருக்காரர்களுக்கு அது தொட்டிதான். ஞாயிற்றுக்கிழமையானால் சர்ச் முடிந்து வருகிறவர்களும் கோயிலுக்குப் போய்விட்டு வருகிறவர்களும் பிள்ளை குட்டியோடு அங்கேதான் வந்து உட்காருவார்கள். சின்னதுகளுக்கு உயரமான நாற்காலியும் கிறுக்குவதற்குக் கலர் பென்சிலும் உண்டு, பெரியவர்களுக்கு வஞ்சிரம் வறுவலும் மிளகுக் கறியும் உண்டு, பீர் குடிக்கிறவர்களுக்குப் பீர், குடிக்காதவர்களுக்கு எலுமிச்சை சோடா, எல்லாம் ஒரே மாதிரி கனத்த கண்ணாடி மக்கில் வரும். மொத்தம் எண்பது மக். ஒவ்வொன்றின் அடியிலும் சிவப்பு பெயின்டில் நம்பர் போட்டிருக்கும்.

அந்த மக்குகள் தங்களில் குடித்தவருடைய குரலைப் பிடித்து வைத்துக்கொண்டு அடுத்துக் குடிக்கிறவருக்குக் கொடுக்க ஆரம்பித்தது போன ஆடி மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். யாமினி என்று ஏழு வயசுப் பெண், சோடாவை இரண்டு வாய் குடித்துவிட்டு, சளி கட்டின தடித்த ஆண் குரலில் இன்னும் கொஞ்சம் சிப்ஸ் வேண்டும் என்று கேட்டாள். அவள் அம்மா மீனில் முள் எடுத்துக்கொண்டே, கத்தாமல் கேள் என்று அதட்டினாள். பக்கத்து மேஜையில் இன்ஷூரன்ஸ் ஏஜெண்ட் நாகபூஷணம் மட்டும், கையிலிருந்த கவளத்தை அப்படியே வைத்துவிட்டு, அது தன்னுடைய குரல் என்றும், நேற்றுச் சாயங்காலம் அதே நாற்பத்திரண்டாம் நம்பர் மக்கில் தான் குடித்தது நன்றாக ஞாபகம் இருக்கிறது என்றும் எல்லோரிடமும் சொன்னார். குழந்தை சிப்ஸைத் தின்றது, கொல்லைப்பக்கம் போய் ஒன்றுக்கு இருந்துவிட்டு வந்தது, வந்தபோது பழைய கீச்சுக்குரல் திரும்பியிருந்தது.

முதல் வாரம் தெரு அல்லோலகல்லோலப்பட்டது, இரண்டாவது வாரம் பழகிவிட்டது, மூன்றாவது வாரத்துக்குள் சட்டதிட்டமெல்லாம் வந்துவிட்டது. வாங்கின குரல் ஒன்றுக்குப் போகிற வரைக்கும்தான் நிற்கும். மக்கை விம் போட்டுத் தேய்த்தாலும், வெந்நீரில் ஊறப் போட்டாலும் உள்ளே இருக்கிற குரல் போகாது, இன்னொருத்தர் வாய் வைத்துக் குடித்தால்தான் பழையது போய்ப் புதுசு உட்காரும். உதடு பட வேண்டும். ஸ்ட்ரா போட்டு உறிஞ்சினால் ஒட்டாது, கொடுக்கவும் கொடுக்காது. மாதா கோயில் ஃபாதர் பூசைக்கு வருகிறவர்கள் பாத்ரூம் போய்விட்டு வரும்படி கேட்டுக்கொண்டார். பிள்ளையார் கோயில் குருக்கள் இதில் தோஷம் ஒன்றும் இல்லை என்றார். அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கம் ஒரு தீர்மானம் போட்டது, என்ன தீர்மானம் என்று யாரும் படிக்கவில்லை. மருமகள் குடித்த மக்கில் சோடா குடித்த ஒரு மாமியார், மருமகள் குரலில் மகனைப் பேர் சொல்லிக் கூப்பிட, வழக்கமாக அம்மாவின் மூன்று கூப்பாட்டுக்கும் அசையாத பிள்ளை ஒரே கூப்பாட்டில் எழுந்து ஓடி வந்தான், அந்த அம்மாள் அன்றைக்கு முழுக்கச் சாப்பிடவில்லை. இப்படி அங்கங்கே மனசு முறிந்ததும் உண்டு, ஒட்டினதும் உண்டு. ஏன் இப்படி ஆயிற்று என்று பெர்னதெத்தைக் கேட்டால், அவள் ரப்பர் பூட்ஸைக் கழற்றிக்கொண்டே, தண்ணீர் அதே தண்ணீர்தான், பார்லி அதே பார்லிதான் என்பாள். அதற்குமேல் கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

ஆனால் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் தோன்றின விஷயம் ஒன்று இருந்தது, அது கல்லாவுக்கு மேலே ஆணியில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த பதினேழாம் நம்பர் மக்.

அது தணிகாசலத்தின் மக். தணிகாசலத்துக்கு அறுபத்துமூன்று வயசு, தொழிற்சாலையில் ஃபோர்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர், மெஷின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி அப்படி ஒரு குரல், வீட்டு வாசலில் நின்று கூப்பிட்டால் தெருக்கோடியில் காய்கறி வண்டி நிற்கும். அந்தக் குரல் பங்குனியில் போயிற்று. தொண்டையில் கட்டி, குரல்வளையை மொத்தமாக எடுத்தால்தான் ஆள் பிழைப்பார் என்றார்கள், எடுத்தார்கள், பிழைத்தார். கழுத்தில் ஒரு துளை, அதன்மேல் ஒரு மெல்லிசுத் துணி, அதற்கு மேலே ஆள் அதே ஆள்தான், ஆனால் சத்தம் இல்லை. பதினொரு வருஷமாக வந்தால் பதினேழாம் நம்பர்தான் வேண்டும் என்று அடம் பிடித்தவர் ஆயிற்றே என்று, பெர்னதெத் அவர் ஆஸ்பத்திரிக்குப் போன மறுநாளே அதை ஆணியில் மாட்டி, அவர் வந்துதான் எடுக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். அப்போது மக்குகளுக்குக் குரல் பிடிக்கிற பழக்கம் இருக்கிறதென்று யாருக்குத் தெரியும். ஆடியில் தெரிந்தபோது தெருவே நிமிர்ந்து அந்த ஆணியைப் பார்த்தது. உலகத்தில் தணிகாசலத்தின் குரல் மிச்சம் இருக்கிற ஒரே இடம் அதுதான் என்றும், ஒரே ஒரு தடவை, ஒன்றுக்கு வருகிற வரைக்கும், அவர் அதில் பேசிக்கொள்ளலாம் என்றும் முடிவு கட்டினார்கள். எதற்குப் பேச வேண்டும் என்பதும் எல்லோருக்கும் தெரியும்.

அவர் மகள் பூர்ணிமா, ஜெயசீலன் என்கிற பையனைப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். ஜெயசீலன் நல்ல பையன், இன்ஜினியர், அதிர்ந்து பேச மாட்டான், ஆனால் அவன் அப்பா தோல் மண்டியில் தோல் பதப்படுத்தியவர், தணிகாசலம் அதற்குமேல் விசாரிக்கவில்லை. அவங்க என்ன ஆளுங்க தெரியுமா என்று ஒரே கேள்விதான் வீட்டில் கேட்டார். ஆஸ்பத்திரியில் சேருவதற்கு முந்தின சாயங்காலம் தொட்டியில் உட்கார்ந்திருந்தபோது பூர்ணிமா போன் செய்தாள், ஆபரேஷனுக்கு நாங்கள் ரெண்டு பேரும் வருகிறோம் அப்பா என்றாள். அவர் எழுந்து கேட் வரைக்கும் போய், அத்தனை மேஜைக்கும் கேட்கிற மாதிரி, "எம் மூஞ்சியில முழிக்காத. நான் செத்தாலும் வராத. போ" என்றார். பெற்ற பெண்ணிடம் அவர் கடைசியாகப் பேசினது அதுதான். பூர்ணிமாவும் அவருக்குப் பிறந்தவள்தானே. எட்டு மாசமாக அவர் பெண்சாதி நவநீதம் அழுது பார்த்தாள், கெஞ்சிப் பார்த்தாள், அப்பா மாறிவிட்டார் என்று பொய்கூடச் சொல்லிப் பார்த்தாள், மகள் ஒரே பேச்சில் நின்றாள்.

"அப்பா வாயாலதான் போன்னு சொன்னாரும்மா. அப்பா வாயாலதான் வான்னு சொல்லணும். எழுதிக் காமிச்சா வரமாட்டேன், நீ சொன்னாலும் வரமாட்டேன்."

இதில் ஐப்பசி கடைசியில் ஜெயசீலனுக்குப் போலந்து நாட்டில் வேலை கிடைத்து, இரண்டு பேருக்கும் விசா வந்து, கார்த்திகையில் ஒரு வியாழக்கிழமை விமானம் என்று ஆகிவிட்டது. போனால் எத்தனை வருஷமோ. அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தொட்டியின் கேட் வரைக்கும் வருவதாக மகள் ஒப்புக்கொண்டாள். கேட் வரைக்கும்தான். உள்ளே வருவது அப்பா வாயில் இருக்கிறது என்றாள்.

தெருவுக்கு ஒரே கொண்டாட்டம். நவநீதம் மட்டும் நாலு மாசமாக அந்த ஆணியை நிமிர்ந்து பார்க்கவில்லை, ஏனென்றால் அந்த மக்கில் தன் புருஷன் குரல் இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

எப்படித் தெரியும் என்றால், தணிகாசலம் வெளியில் எந்தப் பாத்திரத்திலும் வாய் வைத்துக் குடிக்கிறவர் இல்லை. அண்ணாந்துதான் குடிப்பார். காப்பியானாலும் அண்ணாந்துதான், மோரானாலும் அண்ணாந்துதான். பீரை அண்ணாந்து குடிப்பது என்றால் லேசுப்பட்ட வித்தையா? நுரை மூக்கில் ஏறும், சட்டையெல்லாம் வழியும். அவர் முதல் இரண்டு வருஷம் நனைந்து நனைந்து பழகி, நூல் பிடித்த மாதிரி ஊற்றிக்கொள்ளக் கற்றுக்கொண்டார். மூலை மேஜையில் சுவரைப் பார்த்துத்தான் உட்காருவார், பின்னாலிருந்து பார்க்கிறவர்களுக்குத் தலை சாய்வது மட்டும்தான் தெரியும். ஒரு தடவை பெர்னதெத் பார்த்துவிட்டுக் கேட்டதற்குப் பல் கூச்சம் என்றார். எதிரில் உட்கார்ந்திருக்கிற நவநீதத்திடம் மட்டும், இந்தக் கிளாஸில் யார் யார் வாய் வைத்தார்களோ என்பார். அவர் யார் யார் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும்.

சரி, அவர் குரல் இல்லையென்றால் மக் காலியா என்றால், அதுவும் இல்லை. அன்றைக்கு அவர் கேட்டுக்குப் போய் மகளிடம் கத்திக்கொண்டிருந்தபோது, நவநீதத்துக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது, தன் சோடா தீர்ந்திருந்தது, எதிரில் இருந்த பதினேழாம் நம்பர் மக்கை எடுத்து, ஜென்மத்தில் பீர் குடித்தறியாதவள், உதட்டை அழுத்தி வைத்து இரண்டு மடக்குக் குடித்துவிட்டாள். கசந்தது. வாயைத் துடைத்துக்கொண்டாள். அவர் திரும்பி வந்து மிச்சத்தை அண்ணாந்து ஊற்றிக்கொண்டார். ஆகவே கல்லாவுக்கு மேலே தெருவே காவல் காத்துக்கொண்டிருந்தது அவளுடைய குரலைத்தான்.

சொல்லிவிடலாம் என்று எத்தனையோ தடவை வாயெடுத்தாள். சொன்னால், ஏன் அவர் வாய் படவில்லை என்று கேட்பார்கள். பதினொரு வருஷமாக நம்மோடு உட்கார்ந்து மீன் தின்ற மனுஷன், நம் வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் முன்னால் நின்ற மனுஷன், நாம் குடித்த கிளாஸ் தன் உதட்டில் படாமல் பார்த்துக்கொண்டானா என்று கேட்பார்கள். அதற்கு அவள் என்ன பதில் சொல்வாள்? சொல்லாமல் விட்டால் அந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டில் நிற்கிற மகள் என்ன ஆவாள்? சட்டியில் குழம்பு கொதிக்க விட்டுவிட்டு இதையே நினைத்துக்கொண்டு நிற்பாள், அடிப்பிடித்த வாசனை வந்தபிறகுதான் நினைவு வரும்.

அவருக்கும் தெரியாமல் இருக்குமா? தான் எப்படிக் குடித்தோம் என்று அவருக்கே தெரியாதா? மக்கைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் தலையை ஆட்டி மறுத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்வார். பாவம், மனசு தாங்கவில்லை என்று தெரு உச்சுக் கொட்டியது. அவர் பயம் என்ன என்று நவநீதத்துக்கு மட்டும் தெரிந்தது. வேண்டும் வேண்டாம் என்று ஒரு வார்த்தை எழுதிக் காட்டவும் மாட்டார். ஆஸ்பத்திரியில் கொடுத்த சின்னப் பலகை பீரோமேல் கிடந்தது, எழுதிக் காட்டுவது பிச்சை கேட்பது மாதிரி என்று நினைத்தாரோ என்னவோ, எட்டு மாசம் அதைத் தொடவே இல்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவள் அவருடைய வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் வந்து காலண்டரில் நேற்றைய தாளைக் கிழித்து, அதன் பின்பக்கம் எழுதி, சட்டைமேல் வைத்தார். அதுல என் குரல் இல்ல, என்று எழுதியிருந்தது.

"தெரியும்" என்றாள். "எதுக்க உக்காந்து பதினோரு வருஷம் பாத்தவளுக்குத் தெரியாதா?"

அவர் தாளை இழுத்து இன்னொரு வரி எழுதினார். எவன் குரல் வரப்போவுதோ.

"எவனோடதும் இல்ல. என்னோடது" என்று சொல்லிவிட்டாள். அன்றைக்கு நடந்ததை மூச்சு விடாமல் சொன்னாள், இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடியே சொன்னாள், சொல்லி முடித்ததும் அப்பாடா என்று இருந்தது. அவர் தாளைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். பிறகு குனிந்து எழுதினார். அவள் வாங்கிப் படித்தாள். என் மக்குல நீ வாய் வெச்சியா.

எட்டு மாசம் கழித்துப் பேனாவைத் தொட்ட மனுஷன் எழுதின மூன்றாவது வரி இது. மகள் வியாழக்கிழமை கண்காணாத தேசத்துக்குப் போகப்போகிறாள், இவருக்கு இதுதான் கவலை. நவநீதத்துக்கு உச்சந்தலையில் சுர்ரென்று ஏறியது. கல்யாணமாகி முப்பத்தோரு வருஷத்தில் அவள் அப்படிப் பேசினதில்லை.

"ஆமாங்க, வெச்சேன். முப்பத்தோரு வருஷமா நீங்க தின்ன தட்டுலயே சோத்தப் போட்டுத் தின்னவ நான். அப்ப உங்க எச்சில் எனக்கு ஆச்சு. இப்ப என் எச்சில் உங்களுக்கு ஆகலையா? எம் பொண்ணத் தொரத்தின வாய் அது. அத இன்னிக்கு மக்குல வெக்கறதா வேணாமான்னு நீங்களே முடிவு பண்ணிக்கோங்க. நான் இனிமே ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

சட்டையை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். அவர் தாளை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு சட்டையைப் போட்டுக்கொண்டார்.

மத்தியானம் தொட்டியில் உட்கார இடமில்லை. எல்லோரும் சாப்பிட வந்தவர்கள் மாதிரி தட்டைப் பார்த்துக்கொண்டு, காதை மட்டும் கேட்டில் வைத்திருந்தார்கள். பன்னிரண்டரைக்கு பைக் வந்து நின்றது. பூர்ணிமா இறங்கி, கம்பிக்கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றாள், மெலிந்திருந்தாள். ஜெயசீலன் பைக் பக்கத்திலேயே, இரண்டு ஹெல்மெட்டையும் இரண்டு கையில் பிடித்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நின்றான். பெர்னதெத் ஸ்டூல் போட்டு ஏறி மக்கை எடுத்து, தூசியைத் துடைத்து, நுரை அடங்க அடங்க நிரப்பி, மூலை மேஜையில் கொண்டுவந்து வைத்தாள். மெதுவாக, தணிகா சார், என்றாள். முதல் தடவையாக அவர் சுவருக்கு முதுகைக் காட்டி, ஊரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார்.

மக்கை எடுத்தார். கை பழக்கத்தில் உயர்ந்தது, தலை பழக்கத்தில் சாய்ந்தது, வாய் திறந்தது, உதட்டுக்கும் மக்குக்கும் நடுவில் ஒரு விரல் இடைவெளி. நவநீதம் முந்தானையைச் சுருட்டி வாயில் அடைத்துக்கொண்டாள். ஊற்றினால் தீர்ந்தது, ஒன்றும் வராது, மகள் திரும்பிப் போய்விடுவாள். ஒரு சொட்டு அவர் மோவாயில் விழுந்தது. பார்த்தவர்கள் சாமி கும்பிட்டுக் குடிக்கிறார் என்று நினைத்தார்கள். அவர் கையை இறக்கினார். மருந்து குடிக்கிற குழந்தை மாதிரி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மக்கின் விளிம்பைக் கீழுதட்டில் வைத்து, அழுத்தி, பாதி மக் குடித்தார்.

"பூர்ணி" என்றார்.

நவநீதத்தின் குரல். கொஞ்சம் மூக்கால் வருகிற, முடியும்போது மேலே இழுத்துக்கொண்டு போகிற அதே குரல். யாரோ களுக்கென்று சிரித்து நிறுத்திக்கொண்டார்கள். எல்லாத் தலையும் நவநீதத்தின் பக்கம் திரும்ப, அவள் வாயில் முந்தானை அடைத்திருந்தது. பெர்னதெத் தணிகாசலத்தின் முகத்தைப் பார்த்தாள், அண்ணாந்து தாழ்ந்த அந்தத் தலையைப் பார்த்தாள், பல் கூச்சம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும், ஓடிக்கொண்டிருந்த குழாயைத் திரும்பிப் போய் மூடினாள்.

கேட்டிலிருந்து பூர்ணிமா, "அம்மா, நீ பேசாத. அவர் பேசட்டும்" என்றாள்.

தணிகாசலம் எழுந்து, மேஜைகளுக்கு நடுவே நடந்து, கேட்டுக்கு இரண்டடி முன்னால் போய் நின்றார், மகள் தன் வாயைப் பார்க்கட்டும் என்று.

"அம்மா இல்லடா. நான்தான். வாய் என்னுது, குரல்தான் அவளோடது. என்னோடது எதுலயும் இல்ல. இங்க எந்த மக்குலயும் நான் ஒரு நாளும் வாய் வெச்சதில்ல."

கேட்டவர்களுக்கு அர்த்தம் புரியக் கொஞ்ச நேரம் பிடித்தது. புரிந்ததும் நாகபூஷணம் கையைக் கழுவாமலேயே எழுந்தார், பெண்சாதியையும் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு, தணிகாசலத்தைத் தொடாமல் ஒதுங்கி, கேட்டுக்கு வெளியே போய்விட்டார். இன்னும் இரண்டு மேஜைக்காரர்கள் போனார்கள். அவர் போகிறவர்களைப் பார்த்தார். யாரையும் நிறுத்தவில்லை.

"அன்னிக்குப் போன்னு சொன்ன வாய்தான் இது" என்றார் மகளிடம். "வா."

பூர்ணிமா கம்பியை விடவில்லை. அழுதுகொண்டுதான் இருந்தாள், ஆனாலும் விடவில்லை. "யாரை?" என்று கேட்டாள்.

அவர் அப்போதுதான் பைக்கின் பக்கம் பார்த்தார். குடித்த பாதி மக் வயிற்றில் இறங்கிக்கொண்டிருந்தது, சர்க்கரை உள்ள உடம்பு, இப்போதே காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு நின்றார், எவ்வளவு நேரம் தாங்கும் என்று நவநீதம் அவர் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஜெயசீலன் ஹெல்மெட்டுகளைப் பார்த்துக்கொண்டே நின்றான்.

"ரெண்டு பேரும் வாங்க" என்றார். அப்புறம் ஒரு தடவை முழுங்கிக்கொண்டு, "மாப்ளே, உள்ள வாங்க" என்றார்.

நவநீதம் ஒரு வருஷமாக மனசுக்குள் மட்டும் கூப்பிட்டுக்கொண்டிருந்த வார்த்தை அது. புருஷனுக்குப் பயந்து ஒரு தடவைகூட வெளியில் விட்டதில்லை. அவள் குரலிலேயே, அவர் வாயிலிருந்து வந்ததைக் கேட்டதும் முந்தானையை எடுத்துவிட்டு ஓவென்று அழுதாள், யார் பார்த்தால் என்ன என்று அழுதாள்.

நாலு பேரும் மூலை மேஜையில் உட்கார்ந்தார்கள். பெர்னதெத் ஒன்றும் கேட்காமல் ஒரு தட்டு வஞ்சிரம் கொண்டுவந்து வைத்தாள், அவர் முகத்தைப் பார்க்காமல்தான் வைத்தாள். தணிகாசலம் மிச்சம் பாதி பீர் இருந்த மக்கை ஜெயசீலன் பக்கம் நகர்த்தினார். அவன் மாட்டேன் என்று சொல்லாமல் எடுத்தான். தலையைச் சாய்த்தான், மக்கை உயரப் பிடித்தான், உதட்டுக்கு ஒரு சாண் மேலேயிருந்து நூலிழையாக ஒரு மடக்கு ஊற்றிக்கொண்டான். ஒரு சொட்டு சிந்தவில்லை, ஒரு துளி நுரை மீசையில் ஒட்டவில்லை. தணிகாசலம் பதினொரு வருஷம் பழகியும் வராத சுத்தம் அது.

அவர் மக்கையும் அவன் மீசையையும் மாறி மாறிப் பார்த்தார். எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று கேட்டார்.

"எங்கப்பா சொல்லிக் குடுத்தது மாமா" என்றான் ஜெயசீலன். "வெளியில யார் வீட்டுலயும் வாய் வெச்சுக் குடிக்காதடா, அப்புறம் அந்த டம்ளர என்ன பண்ணுவாங்கன்னு நீ பாக்க வேணாம்னு சொல்லுவாரு."

சாதாரணமாகத்தான் சொன்னான், பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி. தணிகாசலத்தின் முகம் கருத்துப் போயிற்று. மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, நவநீதத்தின் குரலில், "வாய் வெச்சுக் குடிங்க மாப்ளே" என்றார். "என் முன்னால வாய் வெச்சுக் குடிங்க."

ஜெயசீலன் மக்கைப் பார்த்தான். சற்று முன்னால் அதில் வாய் வைத்தவர் தணிகாசலம். இப்போது அதற்குள் இருப்பது அவருடைய எட்டு மாசத்து மௌனம்தான், அதைக் குடிக்கிறவனுக்கும் அதுதான் கிடைக்கும். மேஜையில் இருந்த எல்லோருக்கும் அது தெரியும். அவன் மக்கை மெதுவாக நடுவில் வைத்தான்.

"வேணாம் மாமா. எனக்கு என் குரல் வேணும்."

கோபமாகச் சொல்லவில்லை, அதனால்தான் நவநீதத்துக்கு நெஞ்சு வலித்தது. பூர்ணிமா அவன் கைமேல் கையை வைத்தாள். தணிகாசலம் தலையை ஆட்டினார், சரி என்கிற மாதிரி, நியாயம் என்கிற மாதிரி. அதற்குப் பிறகு அவர் பேச ஆரம்பித்தார். போலந்தில் பனி எவ்வளவு கொட்டும், அரிசி கிடைக்குமா, வீடு எத்தனையாவது மாடி, லிப்ட் உண்டா, ஆபீஸுக்கு எப்படிப் போவீர்கள், இவளுக்குக் குளிரில் சைனஸ் வரும் தெரியுமா என்று நிறுத்தாமல் கேட்டார், பதில் முடிவதற்குள் அடுத்ததைக் கேட்டார். ஜெயசீலன் ஒவ்வொன்றுக்கும் பொறுமையாகப் பதில் சொன்னான். அவர் நெற்றியில் வேர்த்துக் கொட்டியது. இரண்டு முட்டியையும் சேர்த்து இறுக்கிக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து பேசினார்.

நவநீதம் பொறுத்துப் பொறுத்துப் பார்த்தாள். "எந்திரிச்சுப் போயிட்டு வாங்க" என்றாள் கடைசியில். "ஒடம்புக்கு ஆகாது."

அவர் மாட்டேன் என்று தலையாட்டினார். "போனா போயிடும்" என்றார், அவள் குரலில், அவளிடமே. குரல் போவதை மட்டும் அவர் சொல்லவில்லை. எழுந்து போய்த் திரும்பி வருகிறபோது இந்த நாற்காலிகள் காலியாக இருந்தால், கேட்டுக்கு ஓடிப்போய்க் கூப்பிட அவரிடம் ஒன்றும் இருக்காது. அவள் என்ன சொல்லித் தேற்றுவாள்? இருப்பார்கள் என்று சொல்ல அவள் யார்?

ஜெயசீலன் மீன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தான். எழுந்ததும் பூர்ணிமாவே பயந்துபோய் அவனைப் பார்த்தாள். அவன் மேஜையைச் சுற்றி வந்து, அவர் நாற்காலியைப் பின்னால் இழுத்து, முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டான்.

"போயிட்டு வாங்க மாமா. நாங்க இங்கதான் இருக்கோம்."

தணிகாசலம் அவன் முகத்தைப் பார்த்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு, அவசர அவசரமாகக் கொல்லைப்பக்கம் நடந்தார். கதவருகில் போய் நின்று திரும்பிப் பார்த்தார். மூன்று பேரும் இருந்தார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.